ஒச்சம்மாள் வாங்கிய வண்டி டிக்கெட்

பெண்கள் பக்கத்து டிக்கெட் ஓட்டைக்குள் அன்று ஓர் ஆண்பிள்ளையின் கை வந்தது.

நான் அந்தச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்த காலம் முழுவதிலும் அதற்கு முன் அப்படி ஒரு கை வந்ததில்லை. மணிக்கட்டில் தோல்வார்க் கடிகாரம். அதற்கு மேலே காக்கிச் சட்டையின் மடிப்பு. அந்தக் கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடிபட்ட கை ஒரு பெண்ணுடையது. வேலை செய்து காய்த்துப் போன விரல்களுக்குள் பச்சை டிக்கெட்டுகள் கசங்கிக் கிடந்தன.

அந்த ஓட்டை ஒரு கை நுழைவதற்காக வைத்தது. இரண்டு கை நுழைந்ததில் அந்தப் பெண்ணின் கண்ணாடி வளையல் சுவரில் உரசி உடைந்தது. ஒரு துண்டு என் சில்லறைத் தட்டில் வந்து விழுந்தது.

“இவளுக்கு இத்தனை டிக்கெட் குடுத்தது நீதானா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அதட்டியது.

போன இதழில் எங்கள் கொட்டகைப் பெஞ்சுகளில் குடியிருந்த மூட்டைப்பூச்சிகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாக இரண்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு இல்லை, மன்னிக்க வேண்டும்.

கை பட்டால் சண்டை

பெண்களுக்கு டிக்கெட் கொடுக்க ஒரு பெண்ணை உட்கார வைத்ததற்குக் காரணம் பெரிய முற்போக்கு ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஓர் ஆண். சில்லறை கொடுக்கும்போது அவர் விரல் தன் மனைவியின் உள்ளங்கையில் பட்டுவிட்டது என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் மேற்கு மாசி வீதியே கூடும்படி சண்டை போட்டார். மனைவி சொன்னாளா, இவராக நினைத்துக்கொண்டாரா, யாருக்குத் தெரியும்? முதலாளி பயந்து போனார். எட்டாவது வரை படித்தவள், கணக்குப் போடத் தெரிந்தவள், கணவன் மில்லில் வேலை பார்ப்பவன் என்று விசாரித்து என்னைப் பிடித்துப் போட்டார்.

என் அறை குறிசொல்பவளின் அறை மாதிரி இருக்கும். ஒரு முக்காலி, ஒரு தட்டு, ஒரு விசிறி. வெளியே நிற்பவர்களின் முகம் எனக்குத் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். மருதாணிக் கை, மஞ்சள் கை, குழந்தையின் பால்வாடை அடிக்கும் கை. காசு சில சமயம் வியர்வையில் ஈரமாக வரும். சில சமயம் வெற்றிலைச் சுருக்குப்பையின் வாசனையோடு வரும். வாராவாரம் வருகிறவர்களை நான் கையை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவேன்.

ஆகவே அந்தக் கசங்கிய டிக்கெட்டுகளைப் பிடித்திருந்த கை யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வருகிற ஒச்சம்மாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இரண்டு மாட்டுவண்டிக் கூட்டத்துக்கும் சேர்த்து அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருந்தேன்.

ஈரம் காயாத முத்திரை

டிக்கெட்டில் ஏமாற்று என்பது சினிமாவோடு பிறந்ததில்லை. என் அப்பா நாடகக் கொட்டகையில் கேட்டில் நின்றவர். அவர் காலத்தில் கூட்டம் மிஞ்சிப் போய் டிக்கெட் தீர்ந்துவிட்டால், காசை வாங்கிக்கொண்டு உள்ளங்கையில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தி அனுப்புவார்களாம். முத்திரையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? குத்தி வாங்கியவன் ஈரம் காய்வதற்குள் நாலடி தள்ளிப் போய், சிநேகிதன் கையோடு தன் கையை வைத்து அழுத்துவான். காசு கொடுத்தவன் ஒருவன், நாடகம் பார்ப்பவர்கள் இருவர். சிநேகிதன் கையில் முத்திரை தலைகீழாக இருக்கும். அந்த அவசரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? அப்பா பார்ப்பார். பார்த்தும் பேசாமல் விட்டுவிடுவார். “பாட்டுக் கேக்க வந்தவனை அடிச்சா விரட்டுறது?” என்பார்.

சினிமா வந்த பிறகு இந்தக் கூத்தெல்லாம் போய் வேறு கூத்து வந்தது. பட்டுச் சட்டை போட்ட ஓர் ஆசாமி எங்கள் கொட்டகை வாசலில் எப்போதும் நிற்பான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. பட்டுச் சட்டை என்றே எல்லோரும் சொல்வோம். நல்ல படம் வந்தால் என் ஓட்டையில் டிக்கெட் தீர்ந்த மறு நிமிஷம் அவன் மடியில் டிக்கெட் முளைக்கும். நாலணா டிக்கெட் எட்டணாவுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமையானால் இன்னும் ஏறும்.

அவனுக்கு டிக்கெட் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் மேனேஜருக்கு என்னை விட நன்றாகத் தெரியும். கொல்லைப் பக்கத்துக் கதவை அவர்தான் திறந்து விடுகிறவர்.

வாசலில் ஒட்டிய உத்தரவு

யுத்த காலம் அது. அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றையும் பதுக்கி விற்றார்கள்; அந்தப் பட்டியலில் சினிமா டிக்கெட்டும் சேர்ந்தது. ஊரில் முணுமுணுப்பு அதிகமாகி, கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. கொட்டகை வாசலில் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒட்டினார்கள். டிக்கெட்டைக் கவுண்டரில் மட்டுமே விற்க வேண்டும். வாங்கியவர் அதை வெளியே வைத்து விற்கக் கூடாது. அச்சடித்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். கொட்டகைக்காரர்களுக்கு அதில் கை இருந்தால் லைசென்ஸ் போகும்.

உத்தரவு தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு, டிக்கெட் இல்லை என்றதும் என் ஓட்டைக்கு வெளியே நின்று அழுத பெண்களின் சத்தம் எனக்குத் தெரியும். பட்டுச் சட்டையைப் பிடித்து நாலு அடி போட மாட்டார்களா என்று நானே ஏங்கியிருக்கிறேன்.

உத்தரவை நிறைவேற்ற ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். நேர்மையானவர், கண்டிப்பானவர் என்று சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டினி ஆட்டத்தின்போது தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெற்றிலைக் கடையோரம் அவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். பட்டுச் சட்டைக்குப் போலீஸ் வாடை தெருமுனையிலேயே தெரிந்துவிடும். அவன் எப்போதோ மாயமாகிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது ஒச்சம்மாள்தான். கை நிறைய டிக்கெட். சுற்றிலும் பெண்கள். ஒவ்வொருத்தியிடமும் ஆறணா வாங்கிக்கொண்டு ஒவ்வொரு நாலணா டிக்கெட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கட்டுகிறவள்

பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தான் விளக்க வேண்டும்.

மேற்கத்திக் கிராமங்களிலிருந்து பெண்கள் சினிமாவுக்கு வருவதென்றால் தனித்தனியாக வர முடியாது. ஊரில் ஒருத்தி பொறுப்பெடுத்து வண்டி கட்டுவாள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது, வண்டிக்காரரிடம் பேசுவது, கோபக்கார மாமியார்களைச் சமாளிப்பது எல்லாம் அவள் வேலை. இங்கே வந்து வெயிலில் வரிசையில் நிற்பதும் அவள்தான். முதலில் தன் கைக்காசைப் போட்டு எல்லோருக்கும் டிக்கெட் வாங்குவாள்.

ஊரிலேயே வசூல் செய்துவிட்டு வரலாமே என்று நான் ஒரு தடவை ஒச்சம்மாளைக் கேட்டேன்.

“நல்லாச் சொன்ன போ,” என்றாள் சுவருக்கு வெளியே இருந்து. “காசையும் வாங்கிட்டுச் சீட்டும் கெடைக்கலைன்னா, ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? சீட்டக் கண்ணுல பாத்துட்டுத்தேன் முந்தானை முடிச்ச அவுப்பாளுக. அதுதேன் எங்க வழக்கம்.”

அப்படிக் கொட்டகை வாசலில் முடிச்சை அவிழ்க்கும்போது டிக்கெட் காசோடு வண்டிக் கூலியையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். வண்டி கட்டியவளுக்கு டிக்கெட் காசும் கிடையாது, கூலியும் கிடையாது; மற்றவர்கள் கொடுக்கும் கூலிக்குள் அதுவும் அடங்கிவிடும். அவள் பட்ட பாட்டுக்கு மற்றவர்கள் கொடுக்கும் மரியாதை அது.

இத்தனை காலம் யாரும் இதைத் தப்பென்று சொன்னதில்லை. வாசலில் ஒட்டியிருந்த உத்தரவை ஒச்சம்மாளுக்கு வாசித்துக் காட்டவும் யாரும் இல்லை.

மேனேஜர் அறையில்

என் ஓட்டையை அடைக்கச் சொல்லி, என்னையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். நாற்காலியில் இன்ஸ்பெக்டர். சுவரோரம் ஒச்சம்மாள். அன்றுதான் அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். காதில் பாம்படம். நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. மணிக்கட்டில் வளையல் கீறிய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் நின்றிருந்தது. அதை அவள் கவனிக்கவேயில்லை.

உள்ளே படம் ஆரம்பித்துவிட்டது. பாட்டுச் சத்தம் சுவர் வழியாக வந்தது. ஒச்சம்மாளோடு வந்த பெண்களில் ஒருத்திகூட உள்ளே போகவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலுக்கு எதிரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“டிக்கெட் விலை என்ன?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நாலணாங்கய்யா.”

“நீ எவ்வளவு வாங்கினே?”

“ஆறணா,” என்றாள் ஒச்சம்மாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறோம் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா? வாயாலேயே சொல்றா.”

“நாலணா சீட்டுக்கு, ரெண்டணா வண்டிக்குங்கய்யா. மாட்டுக்குத் தீவனம் போடணும்ல?”

“உன் டிக்கெட்டுக்கு யாரு காசு குடுத்தது?”

“எனக்கெதுக்குக் காசு? நாந்தேன வண்டி கட்டுனேன்? கட்டுறவளுக்கு இனாம்.”

“அப்ப அதுதான் உன் லாபம்,” என்றார் அவர்.

அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையும் அவள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் குறுக்கே புகுந்து கிராமத்து வழக்கத்தைச் சொன்னேன். “உன்னைக் கேக்கலை,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். “இந்த மாதிரி ஆளுங்களால நமக்கு ரொம்ப நாளா தொந்தரவு சார். எத்தனை தடவை விரட்டுறது?”

நான் அவரையே பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். எனக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது.

“ஐயா, கொல்லைப் பக்கம் ஒரு கதவு இருக்கு. அதைக் கொஞ்சம் பாருங்க,” என்றேன்.

“அதையும் பாப்போம்,” என்றார் இன்ஸ்பெக்டர். பார்க்கவில்லை. அவருடைய மனைவியும் மைத்துனியும் உள்ளே நாற்காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அனுப்பிய இனாம் பாஸை அவர்களிடம் கொடுத்தவளே நான்தான். அவருக்கு அது தெரியுமோ, தெரியாதோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

மாயாண்டி

அப்போது வெளியே செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போயிருந்த ஒச்சம்மாளின் தம்பி மாயாண்டி, செய்தி கேட்டு ஓடி வந்துவிட்டான். கையில் சாட்டைக் கம்பு.

“எங்கக்காளை என்னய்யா செஞ்சீங்க?”

போலீஸ்காரர் குறுக்கே நின்றார். “எந்த ஊருடா நீ?”

மாயாண்டி ஊர்ப் பெயரைச் சொன்னான். அதைக் கேட்டதும் போலீஸ்காரரின் முகம் மாறியது. “ராதாரி எங்கே?” என்று கையை நீட்டினார்.

மாயாண்டி இடுப்பிலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தான். எனக்கு அதுவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பக்கத்துச் சில ஊர்களில், பிறந்த குலத்தைக் காரணமாக வைத்தே ஆண்பிள்ளைகளைப் போலீசில் பதிந்து வைத்திருந்தார்கள். குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு வெளியே போவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரியானால் திரும்பிப் போய் ஆஜர் கொடுத்துவிட்டு, ஊர்ச் சாவடியில் காவலில்தான் படுக்க வேண்டும். தவறினால் ஜெயில்.

“ராத்திரி ஆஜருக்குள்ள போகணும்னு போட்டிருக்கு. நீ மாட்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு. உங்கக்காளை ஸ்டேஷனுக்குக் கொண்டுட்டுப் போவாங்க,” என்றார் போலீஸ்காரர்.

“பொம்பளையை டேசன்ல விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக?”

“அப்ப இரு. ரெண்டு பேருமா உள்ள இருங்க.”

மாயாண்டி சாட்டைக் கம்பை இறுக்கிப் பிடித்தான். அந்தக் கம்பு ஒரு சாண் மேலே எழும்பியிருந்தால் அவன் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும். போலீஸ்காரரின் கையும் லத்தியில் போயிருந்தது.

“மாயாண்டி!” என்று உள்ளேயிருந்து ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் மேனேஜர் திடுக்கிட்டுப் போனார். “கம்பக் கீழ போடு. போடுடா கீழ!”

அவன் போட்டான்.

மை டப்பா

இன்ஸ்பெக்டருக்கும் விஷயம் கைமீறிப் போவது புரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இடைவேளைக்கு ஆட்கள் வெளியே வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“பொம்பளையாப் போயிட்டே. கேஸ் வேண்டாம். வெளியே டிக்கெட் வித்தது தப்பு, இனிமே செய்ய மாட்டேன்னு எழுதி, ரேகை வச்சுட்டுப் போ.”

எனக்கு உயிர் வந்தது. மேனேஜர் மடமடவென்று ஒரு தாளில் எழுதினார். மேஜை இழுப்பறையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து ஒச்சம்மாளுக்கு முன்னால் தள்ளினார்.

ஒச்சம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மாட்டேன்.”

“என்னது?”

“ரேகை வைக்க மாட்டேங்கய்யா.”

நான் பக்கத்தில் போய்க் கெஞ்சினேன். “அக்கா, வெறும் எச்சரிக்கைதான். ஒரு விரலை வச்சா வீட்டுக்குப் போயிடலாம். தம்பிக்கும் நேரமாகுது பாருங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“எந்தம்பிக்கு மீசை மொளைக்கிற வயசு தாயி. கூப்புட்டாய்ங்க. சும்மா ஒரு ரேகைதேன்னாய்ங்க. பத்து வெரலையும் உருட்டி உருட்டி வச்சு எடுத்தாய்ங்க. அன்னையிலருந்து ஒரு ராத்திரி அவன் வீட்டுல படுக்கல. கல்யாணமாயிருச்சு, புள்ளை பெறந்துருச்சு, இன்னமும் சாவடியிலதேன் படுக்குறான். எங்கூட்டு ஆம்பளைக வச்ச ரேகை போதும். நான் வைக்க மாட்டேன்.”

“அது வேற ரேகை, இது வேற,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மை ஒண்ணுதானுங்களே,” என்றாள் ஒச்சம்மாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “இரக்கப்பட்டா ஏறி மிதிக்கிறியா? நட ஸ்டேஷனுக்கு!” என்று மறுபடியும் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

வெளியே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். மாயாண்டி குனிந்து தரையில் கிடந்த கம்பை எடுத்தான். போலீஸ்காரர் லத்தியை உருவினார்.

என் கையெழுத்து

“ஐயா, நான் போடுறேன்,” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

“டிக்கெட் குடுத்தவ நான். வண்டிக் கூட்டம்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். இவங்க வியாபாரம் பண்ற ஆள் இல்ல. தப்பு இருந்தா அது என்னோடது. அப்படியே எழுதி நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அவங்களை விட்டுடுங்க.”

“எழுதிக் குடுத்தா கேஸ் உன் மேல வரும். தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான் பேசுறேன்.”

இதைத் தைரியம் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் தப்பித்து, இவள் ஸ்டேஷன் படி ஏறுவதை நினைத்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. கோபத்தில்தான் பேசினேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். நின்றிருந்த பெண்களைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். ஒச்சம்மாளின் கையை விட்டார். எனக்கு ஒரு தாளைத் தள்ளினார். எழுதினேன். சுந்தரவல்லி என்று கையெழுத்துப் போட்டபோது என் பேனா ஓர் இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

மேனேஜருக்கு ஏக சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, “நாளையிலேருந்து வர வேண்டாம் சுந்தரம்மா,” என்றார்.

அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. மீதிப் படத்தையாவது பாருங்கள் என்று ஒச்சம்மாள் எல்லோரையும் உள்ளே விரட்டினாள். அவள் போகவில்லை. அவளுடைய டிக்கெட்டைச் சாட்சிக்கு வேண்டுமென்று இன்ஸ்பெக்டர் எடுத்துப் போய்விட்டார். வண்டிக்குக் கீழே நிழலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

“கேஸுன்னா என்ன செய்வாய்ங்க?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

“அபராதம் போடுவாங்க. இல்லாட்டி உள்ள போடுவாங்க,” என்றேன்.

படம் முடிந்து வெயில் தாழ்வதற்குள் வண்டிகள் புறப்பட்டுவிட்டன. மாயாண்டி மாடுகளை முடுக்கிய வேகத்தைப் பார்த்தால் ஆஜருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றியது.

வீட்டில்

நடந்ததைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஊருல இருக்கிற கேஸுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறதுக்கா உன்னை எட்டாவது படிக்க வச்சாங்க?” என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அவர் அப்படித்தான்.

கள்ள விலைக்கு விற்பவளோடு கூட்டுச் சேர்ந்து டிக்கெட் கொடுத்தேன் என்பது என் மேல் வழக்கு. வக்கீல் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். “வாங்கின அம்மா வந்து சாட்சி சொன்னா கேஸ் நிக்காது. இல்லேன்னா கஷ்டம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க,” என்றார்.

“அவங்களைக் கூப்பிட வேண்டாம்,” என்றேன். சாட்சி சொன்னால் வாக்குமூலத்தில் ரேகை வைக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

வக்கீலுக்குக் கோபம். என் வீட்டுக்காரருக்கு அதைவிடக் கோபம். நான் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. அபராதம் கட்ட எங்களிடம் வழி இல்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவள் என்றால் என் மாமியார் வீட்டில் என்னை எப்படி நடத்துவார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். படுத்தபடியே அழுதிருக்கிறேன்.

கோர்ட்டில்

விசாரணை நாளன்று கோர்ட்டுக்குப் போனால், வாசலில் புளியமரத்தடியில் இரண்டு வண்டிகள் மாடு அவிழ்த்து நின்றன. அன்று வந்த பெண்கள் அத்தனை பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாயாண்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். ராதாரிச் சீட்டு அவன் இடுப்பில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“யாரு அக்கா சொல்லிவிட்டது?” என்று ஒச்சம்மாளிடம் ஓடினேன்.

“எவுக சொல்லணும்? கொட்டகையில போயி உன்னையக் கேட்டேன். இன்னைக்குக் கோர்ட்டுன்னாய்ங்க. வாரேன்னு வந்துட்டேன்.”

கூண்டில் ஏறி நின்று மாஜிஸ்திரேட்டுக்கு அவள் சொன்னது அன்று மேனேஜர் அறையில் சொன்ன அதே பதில்கள்தான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாலணா சீட்டுக்கு, ரெண்டணா வண்டிக்கு. வண்டி கட்டுகிறவளுக்கு இனாம்.

“ஊரில் இருக்கும்போதே வண்டிக் கூலியைத் தனியாக வாங்கியிருக்கலாமே?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“சாமி, சீட்டுக் கெடைக்காம திரும்புனா, படம் பாக்காதவ கிட்டக் கூலி கேக்குறது நாயமா?” என்றாள்.

மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டார். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குமாஸ்தா வாக்குமூலத்தை எழுதி முடித்துக்கொண்டிருந்தார்.

வாசித்துக் காட்டினார். “சரிதானாம்மா?” என்றார். சரி என்றாள். அவர் மை டப்பாவைத் திறந்து கூண்டின் விளிம்பில் வைத்தார்.

“ரேகை வை.”

ஒச்சம்மாளின் கைகள் கூண்டுக் கம்பியிலிருந்து இறங்கிவிட்டன. அவள் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நின்ற மாயாண்டி அசையவில்லை.

“வேண்டாம்க்கா,” என்று நான் எழுந்தேன். வக்கீல் என் தோள் சேலையைப் பிடித்து இழுத்தார். “ரேகை வைக்கலைன்னா அந்தம்மா சொன்னது எதுவும் செல்லாது,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஒச்சம்மாள் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பெருவிரலை மையில் வைத்து எடுத்தாள். தாளில் ஊன்றினாள். குமாஸ்தா வந்து உருட்டிவிட வேண்டியிருக்கவில்லை. எப்படி உருட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கூண்டை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள். மையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“வச்சுட்டேன் தாயி. இனி உன்னைய விட்ருவாய்ங்கள்ல?”

“விட்டுடுவாங்க அக்கா,” என்று என் முந்தானையால் அந்த விரலைத் துடைத்தேன்.